பெரியமுத்து காத்த கம்ப்யூட்டர்

முதலமடையில் மாம்பூவுக்கு மருந்தடிக்க ஆள் இருக்கிறார்கள். பிஞ்சுக்குக் கவர் கட்ட ஆள் இருக்கிறார்கள். கிளியை விரட்ட ஆள் இருக்கிறார்கள். கரண்டிடமிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவதற்காகவே வாழ்ந்தவர் என்று தேடினால், ஊர் முழுக்க ஒருவர்தான் தேறுவார். அவர் பெரியமுத்து. செல்லாத்தாள் மாங்காய் மண்டியின் ஆபீஸ் அறைக்காரர்.

செல்லாத்தாள் அவருடைய சொந்த அக்கா. மண்டியைத் தன் தொண்டையாலேயே நடத்துபவர். அவர் ஒரு குரல் கொடுத்தால் மூன்று தோப்பு தள்ளி நிற்கிற லாரிக்காரன் பீடியை அணைப்பான். தம்பி பெரியமுத்து ஆபீஸ் அறைக்கு வருமுன் கோழிப் பண்ணை வைத்தார், கோழிகள் ஒத்துழைக்கவில்லை. மீனாட்சிபுரத்தில் பேன்சி ஸ்டோர் வைத்தார். ஊருக்கு அந்த அளவு வளையல் தேவைப்படவில்லை. மண்டியில் மாங்காய் தரம் பிரிக்க உட்கார்ந்தார். பழுத்ததைத் தின்று பார்த்தே தரம் கண்டார். கடைசியில் அக்கா யோசித்து, அவர் கை பட்டாலும் மாங்காய்க்குச் சேதம் வராத ஒரே இடத்தில் அவரை உட்கார வைத்தார். அதுதான் கம்ப்யூட்டர் அறை.

அந்த அறையில் ஏசி உண்டு. கம்ப்யூட்டருக்காகப் போட்டது. பங்குனி வெயிலில் முதலமடை மண்ணே பொரிந்து கிடக்கும்போது, ஒரு சுழல் நாற்காலியில், மேலே குளிர்காற்று படக் கண்ணை மூடிக்கொண்டு பொறுப்பு வகிப்பது எப்பேர்ப்பட்ட பதவி என்பது வெளியே வைக்கோல் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குத் தெரியும். பெரியமுத்துவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பதவிக்கு முதல் வருஷமே ஆபத்து வந்தது. ஒருநாள் கரண்டு போய்த் திரும்பி வந்தபோது சுற்றுவட்டாரத் தோப்புகளில் இருக்கிற போர் மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் உறுமி எழுந்தன. விளக்கு மங்கியது, பளீரென்றது, மறுபடி மங்கியது. கம்ப்யூட்டர் ஒரு தரம் தும்மினாற்போலச் சத்தம் போட்டு, கருகிய நாற்றம் ஒன்றை விட்டுவிட்டு அடங்கியது. பெரியமுத்து அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, ஒரு பொட்டியப் பாத்துக்கறக்குக்கூட உனக்குத் துப்பில்லையாடா?" என்றார் செல்லாத்தாள், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அன்று பெரியமுத்து டீயைக் கீழே வைத்தார். இனிக் கரண்டு என்கிற அந்தப் போக்கிரி புதுக் கம்ப்யூட்டரின் நிழலைக்கூட மிதிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தார். பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இப்படி ஒரு திருப்பம் வரும்.

அவருக்கு வழிகாட்டக் கிடைத்தவன் செபாஸ்டின். இடுக்கி மலையில் சித்திரபுரத்திலிருந்து இறங்கி வந்து, ஸ்டெபிலைசரும் பேட்டரியும் விற்றுக்கொண்டிருந்தவன். அவன் என்ன படித்தான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க அவன் விட்டதுமில்லை.

"நாங்க கரண்டு பொறக்குற ஊரு அண்ணாச்சி. பள்ளிவாசல் பவர் ஹவுசு எங்க வீட்டுலேருந்து கூப்பிடு தூரம். எங்கப்பா குவார்ட்டர்ஸ்ல தொட்டில்ல கெடக்கும்போதே டிரான்ஸ்பார்மர் சத்தத்துலதான் தூங்குனவன் நான். எனக்குத் தெரியாத கரண்டா?"

இதே கணக்கில் பார்த்தால் ஆற்றங்கரையில் பிறந்தவன் எல்லாம் மீன் வைத்தியன்தான். ஆனால் பெரியமுத்துவுக்கு அது தோன்றவில்லை. செபாஸ்டின் முதலில் ஒரு ஸ்டெபிலைசர் கொடுத்தான். அப்புறம் கரண்டு போனாலும் கம்ப்யூட்டர் ஓட யூ.பி.எஸ் கொடுத்தான். அதன் பிறகு ஒருநாள் வந்து, குரலைத் தாழ்த்தி, "எல்லாஞ் சரி அண்ணாச்சி, இந்த யூ.பி.எஸ்ஸ யாரு காப்பாத்துறது?" என்று கேட்டான்.

பெரியமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஆழத்துக்கு அவர் போனதே இல்லை. யூ.பி.எஸ்ஸைக் காக்க இன்னொரு ஸ்டெபிலைசர் வந்தது.

அறைக்குச் சட்டதிட்டங்களும் வந்தன. செருப்பு வெளியே. போன் சார்ஜ் போடக் கூடாது. யூ.பி.எஸ் வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் உறையைக் கழற்றக் கூடாது. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மத்தியானம் வோல்ட்டேஜ் குறையும், அணைத்துவிட வேண்டும். சாயங்காலம் வோல்ட்டேஜ் ஏறும், அப்போதும் அணைத்துவிட வேண்டும். இவை போக மிச்சமிருக்கிற நேரத்தில், பெட்டி சூடாகிவிடாமல் இருக்க, சித்தெ ஓய்வு கொடுக்க வேண்டும்.

பில் போடுகிற வேலைக்கு வந்த பெண் ஆனந்தி. கொஞ்ச நாள் பொறுமையாக இருந்தாள். ஒருநாள் கரண்டு போனது. யூ.பி.எஸ் கீச்சிட்டு வேலையைத் தொடங்கிய அந்தக் கணமே பெரியமுத்து பாய்ந்து போய் அதை அணைத்தார். பாதி அடித்த பில் காணாமல் போனது.

"ஏனுங்க மாமா, கரண்டு போனா ஓடறக்குத்தானுங்களே அத வாங்குனது?"

"நீ சொல்லுவே அம்மிணி. இப்பவே ஓடி ஓடி பேட்டரி எறங்கிப் போச்சுன்னா, அடுத்த தடவ கரண்டு போறப்ப என்ன பண்ணுவே?"

"அதுவுஞ் செரிதானுங்க" என்றாள் ஆனந்தி. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பில் தாள்கள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அவள் கையில் வந்துகொண்டே இருந்தன. தாள் வருகிறதென்றால் அது தன் அறையிலிருந்துதான் வருகிறது என்று நம்புவதற்குப் பெரியமுத்துவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இனித்தான் விஷயம் தெய்வ காரியமாகிறது.

செபாஸ்டின் அறைக்குப் பின்னால், புங்க மரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதிலிருந்து செம்புக் கம்பி இழுத்து எர்த் போட்டிருந்தான். அவன் சொன்னவற்றில் நூற்றுக்கு நூறு உண்மையான ஒரே வாக்கியமும் அதோடு சேர்ந்து வந்தது: "அண்ணாச்சி, வேண்டாத கரண்டெல்லாம் இது வழியாத்தான் மண்ணுக்குள்ள எறங்கிப் போகணும். வெயில் காலத்துல தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. மண்ணு காஞ்சிச்சோ, எர்த்து செத்துச்சு."

பெரியமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். காலையில் குளித்து, ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு வந்து, குழாய் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் உள்ளே இறங்குகிற சத்தம் கேட்கிறதா என்று கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நிற்பார்.

இதைப் பெட்டி கட்டுகிற பெண்கள் பார்த்தார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஒரு மனிதன் தினமும் தண்ணீர் விட்டுக் கண்ணை மூடி நிற்கிற இடத்தை அவர்கள் வேறென்ன என்று நினைப்பார்கள்? அவர்களுக்குத் தலைவி போன்ற காளியாத்தாள் மறுநாள் குழாய்க்கு மஞ்சள் பூசினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சிவப்புத் துணி ஏறியது. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வந்தது.

பெரியமுத்து முதலில் விளக்கத்தான் செய்தார். "காளியாத்தா, இது சாமியில்ல. எர்த்து."

"அதேதானுங்க. எர்த்தாத்தா."

"அதில்ல... கெட்ட கரண்டெல்லாம் வந்தா இது இழுத்துக்கும்."

"கெட்டதையெல்லாம் இழுத்துக்கறவதானுங்க ஆத்தா" என்றாள் காளியாத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டே.

அன்று காளியாத்தாள் அவரைப் "பெரியமுத்து" என்று சொல்லவில்லை. "பூசாரியய்யா, துண்ணூறு குடுங்க" என்றாள். கோழிகளும் வளையல்களும் அக்காவும் ஒருபோதும் கொடுக்காத மரியாதை அது. பெரியமுத்து விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டு திருநீறு வாங்கி வைத்தார்.

அந்த வருஷம் மாம்பூ நன்றாகப் பிடித்தது. எர்த்தாத்தாளின் புகழ் பக்கத்து மண்டிகளுக்கும் பரவியது. லாரி டிரைவர்கள் புறப்படுமுன் வந்து கும்பிட்டார்கள். செல்லாத்தாளே ஒருநாள் வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒண்ணு. நல்லதுன்னாச் செரி" என்று ஒரு தேங்காய் உடைத்தார்.

தெய்வத்துக்கு மரியாதை கூடினால் தரை சேறாக இருக்கலாமா? பெண்கள் எல்லாரும் சேர்ந்து வெள்ளை டைல்ஸ் வாங்கி வந்தார்கள், குளியலறைக்குப் போடுகிற வகை. கொத்தனார் குழாயைச் சுற்றி சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டும்போது, "தண்ணி உள்ளெ போறக்கு வழி வுடோணுங்களா?" என்று கேட்டார்.

பெரியமுத்து யோசித்தார். எர்த் போட்ட செபாஸ்டின் சொன்ன வாக்கியம் நினைவில் எங்கேயோ ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. ஆனால் தீர்த்தம் ஊற்றும்போது டைல்ஸ் மேல் அது மின்னிக்கொண்டு ஓடி, ஓரக் கால்வாய் வழியாக விழுவது கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதும் எட்டிப் பார்த்தது. பூசாரி ஜெயித்தார்.

"ஓட்டை வேண்டாமுங்க. எறும்பு ஏறும். கால்வாயை அந்தத் தென்னங்கன்னுப் பக்கம் வுட்டுருங்க."

அது முதல் தினமும் ஒரு குடம் தண்ணீர் எர்த்தாத்தாளின் தலையில் விழுந்து, டைல்ஸில் வழிந்து, தென்னங்கன்றுக்குப் போனது. ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்கவில்லை. தென்னங்கன்று மட்டும் முதலமடையில் எவனும் பார்த்திராத கரும்பச்சையில் தழைத்தது. அதையும் ஆத்தாளின் அருள் என்றார்கள்.

அறைக்குள்ளே சில அறிகுறிகள் தெரிய ஆரம்பித்தன. ஆனந்தி கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தொட்டால் விரல் சுருக்கென்றது.

"மாமா, பொட்டி ஷாக்கடிக்குதுங்க."

பெரியமுத்து தொட்டுப் பார்த்தார். அவருக்கும் சுருக்கென்றது. முகம் மலர்ந்தது. "ஆத்தா உள்ளெ வந்து எறங்கீட்டா அம்மிணி."

"வந்தவள வெளிய போகச் சொல்லுங்க. என்ற வெரல் மரத்துப் போச்சு."

வெறுங்காலோடுதான் உள்ளே வர வேண்டும் என்ற பழைய சட்டம் மாறி, ரப்பர் செருப்போடுதான் வர வேண்டும் என்ற புதுச் சட்டம் வந்தது. யூ.பி.எஸ்ஸில் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது. பெரியமுத்து செபாஸ்டினுக்குப் போன் போட்டார். அவன் சித்திரபுரத்தில் தன் தம்பி ஹோம்ஸ்டேயில் யாருக்கோ சிக்கன் சுட்டுக்கொண்டிருந்தான்.

"செவப்பு லைட்டா? பயப்படாதீங்க அண்ணாச்சி. மிசினு முழிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

பெரியமுத்து நிம்மதியாகச் சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு ஒட்டினார்.

அந்தப் பருவத்தின் முதல் பெரிய லோடு புறப்படும் நாள் வந்தது. இந்தூரில் இருக்கிற வியாபாரிக்குப் போகிற சரக்கு. எந்த ரகம், எத்தனை பெட்டி என்று லோடு பில் கையில் இல்லாமல் வண்டி நகராது; பங்குனி வெயிலில் வண்டி நின்றால் மாங்காய் பெட்டியிலேயே பழுத்து அழுகும். அந்த வியாபாரி கைவிட்டால் பருவம் முழுக்கவும் போச்சு. இது செல்லாத்தாளின் கவலை.

மத்தியானம் தாண்டியதும் நெல்லியாம்பதி மலைப் பக்கம் வானம் கறுத்தது. பெரியமுத்து பழக்கப்படி எழுந்து பிளக்கில் கை வைத்தார். வாசலில் செல்லாத்தாள் நின்றார்.

"கைய எடுடா."

"அக்கா, மானம் கறுக்குதுங்க. இடி வுழுந்தா..."

"போன வருசம் அந்தப் புள்ள வந்த புதுசுல நீ பிளக்கைப் புடுங்கிப் புடுங்கியே பாதி லோடு லேட்டு. இன்னைக்கு அந்த பில்லு வர்றவரைக்கும் அது ஓடோணும். நீ புடுங்குனே, நாளையிலிருந்து வக்கப்புல்லுப் பிரிக்கற எடத்துல போயி உக்காந்துக்கோ. இந்த ரூம்ப என்ற மருமகன் சதீஷு பாத்துக்குவான். இடி வுழுந்து கெட்டுப்போனாலும் அதே கததான். பாத்துக்க."

பிடுங்கினால் நாற்காலி போகும். பிடுங்காமல் இடி விழுந்தாலும் நாற்காலி போகும். பெரியமுத்து ஏசி காற்றை ஒரு தரம் ஆழமாக இழுத்துக்கொண்டார். இத்தனை காலம் சிறு மேகத்துக்கெல்லாம் பிளக்கைப் பிடுங்கியவர், நிஜமாகவே மலை இருண்ட அன்று கையை எடுத்தார். எதற்கு இருக்கிறாள் எர்த்தாத்தா? கற்பூரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துத் தோப்புப் பனையில் இடி இறங்கியது. காது அடைத்தது. அறைக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு, முதல் வருஷத்தில் வந்த அதே கருகல் நாற்றம். கம்ப்யூட்டர், யூ.பி.எஸ், யூ.பி.எஸ்ஸைக் காத்த ஸ்டெபிலைசர், எல்லாம் ஒரே குடும்பமாகப் போய்ச் சேர்ந்தன. ஆனந்தி நல்லவேளையாக லாரிப் பக்கம் பெட்டி சரிபார்க்கப் போயிருந்தாள்.

செல்லாத்தாள் அறையைப் பார்த்தார். பெரியமுத்துவைப் பார்த்தார். குரல் எழும்பவில்லை, அதுதான் பெரியமுத்துவைப் பயமுறுத்தியது.

"சதீஷுக்குப் போன் போடு" என்றார் அமைதியாக.

அந்த நேரத்தில்தான் வெளியே காளியாத்தாளுக்கு அருள் வந்தது. கூந்தல் அவிழ்ந்தது. கையிலிருந்த மாங்காய் உருண்டது. மற்ற பெண்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆத்தா பேசி முடிக்காமல் இனி ஒரு பெட்டி ஏறாது.

"தொண்ட காயுதுடா! எனக்குத் தண்ணி எங்கடா?"

பெரியமுத்து குடத்தைத் தூக்கி வந்து ஊற்றினார். தண்ணீர் டைல்ஸில் மின்னிக்கொண்டு ஓடித் தென்னங்கன்றுக்குப் போனது.

"மேல ஊத்தாதடா கேணப்பயலே! உள்ளெ ஊத்துடா! கல்லப் போட்டு என்ற வாய மூடி வெச்சிருக்கறீங்களேடா!"

பூசாரியைச் சாமியே கேணப்பயல் என்று சொன்னபிறகு யாரிடம் முறையிடுவது? செல்லாத்தாள் கடப்பாரையைக் கொண்டு வந்து தம்பியின் கையில் கொடுத்தார். பெரியமுத்து தன் கையாலேயே தன் கோயிலை இடித்தார். டைல்ஸுக்குக் கீழே மண் சுண்ணாம்புப் பொடி மாதிரி உலர்ந்திருந்தது. ஒரு குடம் தண்ணீரை அது கடகடவென்று குடித்தது. இன்னொரு குடம் கேட்டது. அதையும் குடித்தது. காளியாத்தாள் மூச்சு வாங்கி உட்கார்ந்து, கூந்தலை முடிந்துகொண்டு, "என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

நிச்சயப்படுத்திக்கொள்ளச் செல்லாத்தாள் செபாஸ்டினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டைல்ஸா? எவன் ஒட்டுனான்? தண்ணி எறங்கலன்னா எர்த்து எப்படி வேல செய்யும்? இடி வந்தா எல்லாத்தையுந்தான் அடிக்கும். நான் அப்பவே சொன்னேன்லக்கா! சரி வுடுங்க, இப்ப ஒரு புது மிசினு வந்திருக்கு..."

செல்லாத்தாள் அழைப்பைத் துண்டித்தார். "ஆத்தாளும் அதையேதான் சொல்றா, அந்தப் பீத்தக்காரனும் அதையேதான் சொல்றான். அது கெடக்கட்டும். பில்லுக்கு இப்ப நான் எங்க போவேன்? அத்தனையும் அந்தப் பொட்டியோட போச்சே!"

"பில்லு மத்தியானமே போயிருச்சுங்க அத்தை" என்றாள் ஆனந்தி. கையில் மடித்த தாளை நீட்டினாள். "இந்தூருக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டேன். இது டிரைவருக்கு."

"எதுல அடிச்சே?"

"என்ற போன்லதானுங்க. முக்குல மொபைல் கடையில பிரிண்டு எடுப்பேன். போன வருசத்துலிருந்தே அப்படித்தானுங்க."

"அப்பொ அந்தக் கம்ப்யூட்டரு?"

"அத மாமா பாத்துக்குவாருங்க."

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"ஒரு மனுசன் அத்தன அக்கறையா ஒண்ணப் பாத்துக்கறப்ப, அதுல ஒண்ணுமில்லீங்கன்னு எப்படியுங்க சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் டிரைவர் சிரித்தான். அவனைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். பெரியமுத்து இவ்வளவு காலம் கரண்டு, மேகம், வெப்பம், செருப்பு, எறும்பு ஆகிய சகலத்திடமிருந்தும் காத்து வந்தது, ஒரு வருஷமாக உள்ளே ஒரு பில்கூட ஏறாத ஒரு பெட்டி. ஊரிலேயே மிகப் பத்திரமான கம்ப்யூட்டர் அது என்பதில் சந்தேகமில்லை. வேலை என்ற ஒன்று அதை அண்டவே இல்லை.

லாரி புறப்பட்டது. சதீஷ் வர வேண்டியதில்லை என்று ஆயிற்று. பார்த்துக்கொள்ள அறையில் ஒன்றும் இல்லை. ஏசியை மட்டும் செல்லாத்தாள் விடவில்லை. மறுநாளே அந்த அறையில், சீக்கிரம் பழுத்துவிடக் கூடாத மாங்காயை அடுக்கினார்கள். சுழல் நாற்காலியில் இப்போது அல்போன்சா மாங்காய் இருக்கிறது.

பெரியமுத்துவுக்கும் அக்கா ஒரு வழி செய்தார். வைக்கோல் பிரிக்கிற இடத்துக்கு அனுப்பவில்லை, பெண்கள் விடவில்லை. பூசாரி தப்பு செய்தாலும் பூசாரிதான், ஆத்தா திட்டியது உரிமையோடுதான் என்பது காளியாத்தாளின் தீர்ப்பு. எனவே அவர் புங்க மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், காற்றில்லாத புழுக்கத்தில், குடத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வெறும் மண்ணில் தண்ணீர் ஊற்றுகிறார். உள்ளே இறங்குகிற சத்தம் கேட்கிறதா என்று கண்ணை மூடிப் பார்க்கிறார். இப்போது கேட்கிறது. எர்த் பரிபூரணமாக வேலை செய்கிறது. அதோடு இணைக்க எதுவும் இல்லை.

மனிதர் அதனால் சோர்ந்துவிடவில்லை. போன வாரம் மாலையில், ஆனந்தி வாசலில் நின்று போனில் அடுத்த லோடுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மெல்ல வந்து அண்ணாந்து பார்த்தார். மலைமேல் கைக்குட்டை அளவு ஒரு மேகம் நின்றது.

"அம்மிணி," என்றார், கையை நீட்டி. "அந்தப் போனைச் சித்தெ அணைச்சு எங்கிட்டக் குடு. நான் பாத்துக்கறேன்."